பிணையல்

"அம்மா நிலத்தில என் பங்கு எனக்கு வேணும்" என்றேன்.

சோறு பிசைந்துகொண்டிருந்த அண்ணனின் கை அப்படியே நின்றது. குழம்பு ஊற்றக் குனிந்த அண்ணி கமலவேணி நிமிர மறந்து போனாள். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த நைனா மட்டும் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னா சொன்னே?" என்றான் அண்ணன்.

"மூணுல ஒரு பங்கு. மேடும் கரம்பும் பம்புசெட் கொட்டாயும் இருக்கிற துண்டு போதும். மத்ததை நீயும் நைனாவும் வச்சிக்கோங்க."

கேட்கவே கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டது இது ஒன்றுதான். சொன்னவள் என் அம்மா. தர்மாஸ்பத்திரியில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "படிக்கணும்னு கேளு, கொலுசு வேணும்னு கேளு, இன்னா வேணா கேளு கலா. நிலம் மட்டும் கேட்டுடாதே. கேட்டா உனக்குப் பொறந்த வூடு இல்லாம பூடும்." அந்த நிலம் அவளுக்கு அவள் அப்பா எழுதி வைத்தது. தன் பேரில் இருந்த நிலத்தைப் பற்றியே இப்படிப் பயந்து செத்தாள் பூவம்மாள்.

பித்தளைச் சொம்பு பறந்து வந்தது. வருவதைப் பார்த்தேன். விலகவில்லை. நெற்றிப் பொட்டில் பட்டுத் தெறித்து அடுப்படி வரைக்கும் உருண்டு போயிற்று. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது.

"பரசு, உட்காருடா. சாப்புடு" என்றார் நைனா. பிறகு என்னைப் பார்த்து, "அண்ணன்தானே. அக்கறையில அடிச்சிட்டான். போய் மஞ்சத்தூளு வை" என்றார்.

எங்கள் வீட்டில் அடிக்குப் பெயர் அக்கறை. நான் கல்லூரியில் சேர்ந்த அன்று என் பல் ஒன்று போயிற்று, அது அக்கறை. அண்ணியின் முழங்கை வளைந்தே இருக்கிறது, அது பிரியம். ஊரில் யாரும் இதற்கு வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை.

"தவளையை அறுத்துப் படிச்சவளுக்கு நிலம் எதுக்குடி? கட்டிக்கினு போறவன் கேக்கச் சொன்னானா?" என்றான் அண்ணன்.

"எவனும் கேக்கச் சொல்லல. நாளைக்கு மேட்டை வெட்டப் போறே இல்ல? அதுக்குத்தான் கேக்கறேன்."

பாலாற்றுக்குத் தென்கரையில், செவிலிமேட்டுக்கு எதிர்ப்புறம், எங்கள் நிலம். நிலத்தின் நடுவில் ஏர் படாத ஒரு மேடு. ஒற்றைப் பனை, காரைப் புதர், ஆளுயரக் கரையான் புற்றுகள். அம்மா காலத்தில் அதற்குள் யாரும் அரிவாள் எடுத்துப் போனதில்லை. அதற்குள்தான் சாரைகள் இருந்தன. பனைப் பொந்தில் ஆந்தை இருந்தது. உடும்பு, கீரி எல்லாம் இருந்தன. சுற்றிலும் நெல் இருந்தது. எலி இருந்தது, ஆனால் தின்று தீர்க்கிற அளவுக்கு இல்லை.

ஐ.ஆர். எட்டு நெல் வந்ததிலிருந்து எல்லாருக்கும் பைத்தியம் பிடித்திருந்தது. காலி இடம் என்று ஒரு சாண் தெரிந்தாலும் நட வேண்டும். பக்கத்து நிலத்துப் பழனி மாமா போன வருஷமே தன் மேட்டை வெட்டிச் சமன் செய்தார். பாம்புகளைத் தோலுக்கு விற்றார். அடுத்த போகத்தில் கதிர் வாங்குகிற சமயம் எலி இறங்கியது. வயல் நடுவில் பாய் விரித்த மாதிரி மொட்டையாகிவிட்டது. மாமா ஓடிப் போய் என்ட்ரின் விஷமருந்து வாங்கி வந்தார். பொரியில் கலந்து வைத்தார், மிச்சத்தைப் பயிருக்கும் அடித்தார். எலி செத்தது. எலியைத் தின்ற ஆந்தை செத்தது. தவளை வெள்ளை வயிற்றைக் காட்டி வாய்க்காலில் மிதந்தது. அதைக் கொத்திய கொக்குகள் வரப்பிலேயே கழுத்து மடங்கிக் கிடந்தன. இரண்டு மாதத்தில் எலி மட்டும் திரும்பி வந்தது.

இதையெல்லாம் நான் அண்ணனுக்குச் சொல்லியிருந்தேன். எங்கள் தெருவில் முதல் பி.எஸ்ஸி. நான். விலங்கியல். படித்ததை வைத்துக்கொண்டு நான் சொன்ன ஒரே பேச்சு அதுதான். அண்ணன் அதற்கும் சிரித்தான்.

"எலி வந்தா மருந்து வைக்கிறேன். பாம்புக்குச் சோறு போட நான் இன்னா பைத்தியமா?"

அன்று இரவு நெற்றியில் துணி கட்டிக்கொண்டு படுத்தேன். காலையில் அவனுக்கு முன்னால் மேட்டுக்குப் போய் நின்றேன்.

கடப்பாரை, மண்வெட்டியோடு வீராசாமியும் அவன் ஆட்களும் வந்தார்கள். பின்னாலேயே ஸ்கூட்டரில் தோல் புரோக்கர் இளங்கோவனும் வந்தான். டெரிலின் சட்டை, கழுத்தில் கைக்குட்டை. வாலாஜாபாத் பக்கத்து ஆள். அவன் வாங்குகிற தோல் மெட்ராஸ் போய்க் கப்பலேறிச் சீமைப் பெண்களின் கைப்பையாகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

"தங்கச்சி நெத்தியில இன்னா கட்டு?" என்றான்.

"அக்கறை" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

முதல் புற்றை வெட்டியதும் ஒரு சாரை வந்தது. இளங்கோவன் அதன் கழுத்தைக் கவைக்கம்பால் அழுத்திப் பிடித்தான். தலையைப் பனைமரத்தில் வைத்து ஆணி அடித்தான். உயிரோடுதான். செத்தால் தோல் ஒட்டிக்கொள்ளுமாம். கழுத்தைச் சுற்றி ஒரு கோடு கீறினான், இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தான். ஈரத் துணியைக் கிழிக்கிற சத்தம். தோல் முழுசாக அவன் கையில் வந்தது. தோலில்லாத உடம்பை ஆணியிலிருந்து பிடுங்கி வாய்க்காலில் வீசினான். அது சிவப்பாக, வெகுநேரம் நெளிந்துகொண்டே இருந்தது.

நான் வாய்க்கால் ஓரத்தில் வாந்தி எடுத்தேன். அண்ணன் அதைப் பார்த்துக் கைதட்டினான்.

"படிப்பு வெளிய வருதுடா!"

எல்லாரும் சிரித்தார்கள். இளங்கோவன் தோலை ஸ்கூட்டரில் வைத்துவிட்டு, பழனி மாமா வீட்டில் வேறு ஏதோ தோல் இருக்கிறதென்று போனான். போகும்போது, "நான் வர்றதுக்குள்ள மேட்டைத் தொறந்து வை, அண்ணாத்தே" என்றான்.

வீராசாமி இரண்டாவது புற்றுக்குக் கடப்பாரையை ஓங்கினான். ஓங்கியவன் அப்படியே கீழே போட்டான்.

"ஆண்டே! பிணையல்! பிணையல்!"

காரைப் புதருக்கு இந்தப் பக்கம், வெட்டவெளியில், இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு எழுந்து நின்றன. முறுக்கேறிய பட்டு நூல் மாதிரி ஒன்றை ஒன்று சுற்றி, இடுப்பு உயரத்துக்கு. ஒன்று கறுப்பு, ஒன்று மஞ்சள். எழும், சாயும், தரையில் புரளும், மறுபடி எழும்.

"கறுப்பு நல்லது. மஞ்சள் சாரை" என்றான் வீராசாமி. கையைக் கூப்பிவிட்டான். அவன் ஆட்களும் கூப்பினார்கள். நல்லபாம்பும் சாரையும் பிணைகிற நேரத்தில் யாரும் கை ஓங்க மாட்டார்கள். புதுத்துணியை மேலே போட்டு எடுத்துப் பெட்டியில் வைத்தால் வீட்டுக்கு லட்சுமி வரும், மலடிக்குப் பிள்ளை வரும். எங்கள் பக்கத்தில் பால்குடிக் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

எனக்குத் தெரிந்தது வேறு. இரண்டும் சாரைதான். இரண்டும் ஆண். கல்லூரியில் எங்கள் பேராசிரியை இப்படிப் பின்னிக்கொண்ட இரண்டைப் பிடித்து வரச் சொல்லி வகுப்பில் காட்டியிருந்தார். இது கலவி இல்லை, சண்டை. இடத்துக்காக ஒன்றை ஒன்று அழுத்தித் தரையில் சாய்க்கப் பார்க்கிற சண்டை.

சாப்பாட்டுக் கூடையோடு வந்த அண்ணி அதைப் பார்த்தாள். கூடை கீழே விழுந்தது. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. திருமுக்கூடலில் மூன்று ஆறு கூடுகிற இடத்தில் முழுகினாள், நாகர் சிலைக்குப் பால் ஊற்றினாள். அண்ணன் வேறு பெண் பார்க்கப் போவதாக ஊரில் பேச்சிருந்தது. அவள் திரும்பி வீட்டைப் பார்த்து ஓடினாள். கல்யாணமான பெண் வரப்பில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

அண்ணனின் முகம் மாறிவிட்டது. அவனும் கும்பிட்டான். ஆனாலும் அவனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. என்னிடம் வந்து, கூட்டத்துக்குக் கேட்காமல், மெதுவாகக் கேட்டான்:

"நீதான் படிச்சவளாச்சே. சொல்லு. ஜோடிதானே?"

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என் படிப்பை மதித்து அவன் என்னிடம் ஒன்று கேட்டான். என் நெற்றி விண்விண்ணென்று வலித்தது. வாயில் வாந்தியின் கசப்பு இருந்தது.

"ஜோடிதான்" என்றேன்.

"நெசமா?"

"பாடத்திலயே இருக்குது. ஜோடிதான்."

அண்ணி கூறைப்புடவையோடு வந்து சேர்ந்தாள். பிள்ளையார்பாளையத்தில் சொல்லி நெய்த அரக்குப் பட்டு. கல்யாணத்துக்குப் பிறகு அவள் அதைக் கட்டியதே இல்லை, பிள்ளை பிறந்த பிறகு கட்டலாமென்று வைத்திருந்தாள். விரித்து அந்த இரண்டின் மேல் போட்டாள். பட்டு எழுந்தது, சாய்ந்தது, அசைந்தது. அண்ணி தரையில் விழுந்து கும்பிட்டாள். பக்கத்தில் என் அண்ணன் பரசுராமன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்தபோது நெற்றியில் மண் ஒட்டியிருந்தது.

"வீராசாமி, கடப்பாரையை எடுத்துக்கினு போ. இந்த மேட்டை எவனும் தொடக் கூடாது."

"சரி ஆண்டே."

அவ்வளவுதான். நான் கெஞ்சியும் படித்துச் சொல்லியும் பங்கு கேட்டும் ஆகாதது ஒரு பொய்யில் ஆகிவிட்டது. எனக்குச் சந்தோஷம் வந்ததா என்று கேட்டால், வந்தது.

ஆட்கள் கிளம்பும்போது இளங்கோவன் திரும்பி வந்தான்.

"இன்னா அண்ணாத்தே, கட சாத்திட்டீங்க?"

"பிணையல்பா. மேட்டை வுட்டுட்டோம். உன் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கோ."

இளங்கோவன் புடவையைப் பார்த்தான், அடியில் அசைவதைப் பார்த்தான். சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இந்தப் பட்டிக்காட்டு ஜனத்தை வச்சிக்கினு இன்னா பண்றது! நல்லதுக்குப் படம் எங்கப்பா? தெனம் ஒரு மூட்டை தோல் உரிக்கிறவன் நான், எனக்கேவா?"

கவையால் புடவையை விலக்கினான். களைத்துப் போய்ப் படுத்திருந்த இரண்டையும் கழுத்தில் பிடித்து, ஒன்றைக் காலால் மிதித்துக்கொண்டு, மற்றதைத் தூக்கினான். வாலடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். முள் மாதிரிச் சிவப்பாக இரண்டு வெளியே பிதுங்கின.

"இது ஆம்பளை." அதைப் போட்டு மிதித்துக்கொண்டு அடுத்ததை எடுத்து அழுத்தினான். "இதுவும் ஆம்பளை. ரெண்டு தடிப்பசங்க கட்டிப் புரண்டு அடிச்சிக்கிறானுங்க. அதுக்கு நீங்க பட்டு சாத்திக் கும்புட்டுக்கினு இருக்கீங்க. பிள்ளை பொறக்குமா இதுல?"

ஆட்களில் ஒருவன் சிரித்தான். அடக்கப் பார்த்து முடியாமல் வீராசாமியும் சிரித்தான். என் அண்ணன் நெற்றியிலிருந்த மண்ணைத் துடைத்தான்.

கடப்பாரை அவன் கைக்கு எப்படி வந்ததென்று தெரியவில்லை. இளங்கோவன் துள்ளி விலகினான். "தோலு! தோலு கெட்டுப்பூடும்யா!" என்று கத்தினான். அண்ணன் அந்த இரண்டையும் இடித்தான். உரலில் இடிக்கிற மாதிரி. தலை எது, வால் எது என்று தெரியாமல் போன பிறகும் இடித்தான். பட்டுப்புடவை அதற்குள் சிக்கி மண்ணும் சதையுமாகிவிட்டது.

அண்ணி புடவையை இழுக்கப் போனாள். அவள் முடியைப் பிடித்துச் சுழற்றினான்.

"உன்னாலதான்டி! மலட்டு முண்டை! ஊர் சிரிக்கப் பாம்புக்குக் கால்ல வுழ வச்சியே!"

வயிற்றில் உதைத்தான். அவள் மடங்கினாள். அப்போதுதான் அவனுக்கு என் நினைவு வந்திருக்க வேண்டும். திரும்பினான்.

"ஜோடின்னு சொன்னியே. தெரியாம சொன்னியா, தெரிஞ்சி சொன்னியா?"

"தெரிஞ்சிதான் சொன்னேன்."

அறைந்தான். நெற்றிக் காயம் திறந்துகொண்டது. என் பின்னங்கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்து, வெட்டிய புற்றின் வாயில் முகத்தை அழுத்தினான். "போ, உள்ள போய்ப் படி" என்றான். ஈர மண் வாசனை. உள்ளே எதுவோ நகர்வது காதுக்குக் கேட்டது. என்னைக் கடித்திருக்கலாம். கடிக்கவில்லை.

"டேய், பம்புசெட்டில கிருஷ்ணாயில் டின்னு இருக்குது. எடுத்தா!"

ஒவ்வொரு பொந்திலும் ஊற்றினான். காய்ந்த பக்கத்துப் புதரில் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டான். குப்பென்று பிடித்தது. முதலில் கீரி ஓடி வந்தது, முதுகில் நெருப்போடு. வாயில் குட்டியைக் கவ்வியிருந்தது. தடியால் அடித்தார்கள். உடும்பு வந்தது. சாரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன, சிலது எரிந்துகொண்டே வந்தன. காலையில் அவற்றைக் கும்பிட்ட அதே கைகள்தாம் அடித்தன. கும்பிட்ட வெட்கம் தீர அடித்தார்கள். பகல் வெளிச்சத்தில் கண் தெரியாமல் ஆந்தை பனையிலிருந்து வெளியே வந்து புகைக்குள் சுற்றி விழுந்தது. இளங்கோவன் மட்டும், எரியாத பாம்புகளைப் பொறுக்கிக் கோணியில் போட்டுக்கொண்டிருந்தான்.

அண்ணி எழ முயன்றாள். அண்ணன் அவளை மறுபடி உதைக்கக் காலைத் தூக்கினான்.

மண்வெட்டி என் காலடியில் கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பிடித்துக் காம்பால் அடித்தேன். தலையில் போடத்தான் ஓங்கினேன், பொய் சொல்லவில்லை. அவன் கையைக் குறுக்கே கொடுத்தான். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அடுத்த அடிக்கு நான் ஓங்கியபோது வீராசாமி பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். "போதும்மா, போதும்மா, அண்ணன்மா" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை.

முந்தின நாள் மழை பெய்து மண் ஈரமாக இருந்ததால் வடக்குப் பக்கத்தில் நெருப்பு ஏறவில்லை. பாதி மேடு கருகிப் பாதி மேடு பச்சையாக நின்றது. அந்தப் பக்கத்துப் புற்றுகள் அப்படியே இருந்தன.

மாலையில் வீடு முழுக்கக் கூட்டம். புத்தூர்க்கட்டுக்காரர் மூங்கில் தப்பை வைத்து அண்ணன் கையைக் கட்டிவிட்டுப் போயிருந்தார். அண்ணன் நைனாவின் கட்டிலில் கிடந்தான். வந்தவர்களெல்லாம் என்னைப் பார்த்து, பெண்ணா இது என்றார்கள். என்னைப் படிக்க வைத்தது தப்பு என்று பழனி மாமா சொன்னார். அவர் கையில் என்ட்ரின் புண் இன்னும் ஆறவில்லை.

கூட்டம் போனதும் நைனா சொன்னார்: "கால்ல வுழுந்து மன்னிப்பு கேளு."

"அவன் அடிச்சா அக்கறை. நான் அடிச்சா?"

"அவன் ஆம்பளைடி."

"அக்கறைதான் நைனா. எனக்கு அண்ணன் மேல ரொம்ப அக்கறை."

கட்டிலிலிருந்து அண்ணன் சொன்னான்: "பேசட்டும். காலையில டிராக்டர் வருது. மீதி மேட்டையும் உழுது நெரவிடுவேன். அப்புறம் எந்தப் பங்கைக் கேப்பான்னு பாக்கறேன்."

நான் கொல்லைப்பக்கம் போனேன். அண்ணி துவைகல்லில் புடவையைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சரிகையில் ரத்தம் போகவில்லை. ஒரு பக்கம் கருகி ஓட்டையாகியிருந்தது. என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

"அங்க நிக்கும்போதே உனக்குத் தெரியுமா கலா?"

"தெரியும்."

"நான் அத்தனை தூரம் ஓடனேனே. எனக்காவது காதோட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா அதுங்களை அப்பவே கொன்னுருப்பாங்க அண்ணி."

"இப்ப மட்டும்?"

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அந்த ஒரு நாழிகையாவது எனக்குப் புள்ளை பொறக்கும்னு இருந்தேன்" என்றாள். சண்டை போட்டுத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என்கூட வர்றியா?" என்றேன்.

"எங்கே?"

சொன்னேன். அவள் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு, வளைந்த முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுப்பில உலை இருக்குது" என்றாள். ஆனால் நான் திரும்பும்போது கொடியிலிருந்த போர்வையை உருவி என் தோளில் போட்டாள்.

உள்ளே வந்தேன். சுவரில் பம்புசெட் கொட்டாயின் சாவி ஆணியில் தொங்கியது, கீழே அரிவாள் சாய்ந்திருந்தது. இரண்டையும் எடுத்தேன்.

"சாவியை வை" என்றார் நைனா.

"கொட்டாய் அம்மா நிலத்தில இருக்குது. என் பங்கில இருக்குது."

"உன் பங்குன்னு எவன்டி சொன்னது?"

"சட்டம் சொல்லுது. நீங்க தரலைன்னா கோர்ட்டு தரும். அது வர்ற வரைக்கும் நான் அங்கதான் இருப்பேன். அங்கதான் சமைப்பேன், அங்கதான் தூங்குவேன்."

"வயசுப் பொண்ணு, மேட்டில தனியாவா? ஊர் இன்னா பேசும்?"

"பேசட்டும். இத்தனை நாளு இந்த வூட்டைப் பத்திப் பேசாததையும் சேத்துப் பேசட்டும்."

அண்ணன் தப்பை கட்டிய கையைத் தாங்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். "டிராக்டர் வரும்டி. மேட்டு மேல நீ இருந்தா உன் மேலயே ஏத்தச் சொல்வேன்."

"ஏத்து" என்றேன்.

நைனா வாசலை மறித்து நின்றார். என் நெற்றியைப் பார்த்தார், என் கையில் இருந்த அரிவாளைப் பார்த்தார். காரைப் புதரை மட்டுமல்ல, வேறு எதையும் வெட்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். விலகிக்கொண்டார்.

"இந்தப் படியைத் தாண்டினா உனக்குப் பொறந்த வூடு இல்ல" என்றார். அம்மா சொன்ன அதே வார்த்தைகள். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் இவர்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. மேட்டுப் பக்கம் புகை மெலிந்துகொண்டிருந்தது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படியைத் தாண்டி நடந்தேன்.